அண்டை நாட்டு மின்சாரமா, நம் கூரைச் சூரியசக்தியா?

சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இறக்குமதியாகும் இயற்கை எரிவாயுவிலிருந்தே வருவதால், உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறும்போது நம் மின்கட்டணமும் ஏறுகிறது. மாற்று வழிகள் இரண்டில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் கூரைகளிலும் தெங்கே நீர்த்தேக்கத்தின் மேலும் விரிந்துள்ள சூரியசக்தித் தகடுகளுக்கு எரிபொருள் செலவே இல்லை. அண்டை நாட்டின் கொள்கை மாற்றமும் அவற்றைப் பாதிக்காது. ஆனால் இடிமழை மேகம் திரண்டால் சில நிமிடங்களில் உற்பத்தி சரிந்துவிடும். அத்தகைய ஏற்ற இறக்கத்தை ஈடுசெய்யவே ஜூரோங் தீவில் 285 மெகாவாட்மணி மின்கலச் சேமிப்பு நிலையம் 2023இல் திறக்கப்பட்டது. எனினும், சிங்கப்பூரில் தகடுகளை விரிக்க இடம் குறைவு.

மற்றொரு வழி மின்சார இறக்குமதி. லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக 2022இல் வரத் தொடங்கியது. இரவிலும் கிடைக்கக்கூடிய இறக்குமதியை 2035க்குள் 6 கிகாவாட்டாக உயர்த்துவது அரசாங்கத்தின் இலக்கு. ஆயினும் கடலடி மின்வடம் பழுதானால் சீரமைக்க வாரக்கணக்கில் ஆகலாம். அதற்காக எரிவாயு நிலையங்களைத் தயார்நிலையில் வைக்கும் செலவு இறுதியில் குடும்பங்களின் மீதே விழும். கூரைகள் மட்டும் நம் தேவைக்குப் போதா என்பதால் இறக்குமதி தவிர்க்கமுடியாதது. ஆனால் அது ஒரே நாட்டை, ஒரே வடத்தை நம்பியதாக இருக்கக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.