ஓட்டு மெஷின் சரிபார்ப்புச் சேவை: 47,200 ரூபாய்க்கு நம்பிக்கை கிடைக்கிறதா?

மெஷினில் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று தோற்ற வேட்பாளர் சந்தேகப்பட்டால், காசு கட்டிச் சோதிக்கச் சொல்லும் வசதி 2024 முதல் இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பில் பிறந்தது. முடிவு வந்த 7 நாளுக்குள், இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்தவர்கள் எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத மெஷின்கள் வரை, எந்த பூத் என்று அவர்களே குறித்துக் கொடுக்கலாம். மெஷினைத் தயாரித்த பாரத் எலக்ட்ரானிக்ஸ், இசிஐஎல் என்ற அரசு நிறுவனங்களின் பொறியாளர்களே சோதிப்பார்கள். தில்லுமுல்லு தெரியவந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஓட்டுப் போட்டவருக்கு இந்தக் கதவு திறக்காது.

கட்டணம் முதலில் ஒரு செட்டுக்கு (ஓட்டைப் பதிந்து வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, பொத்தான் அழுத்தும் பேலட் யூனிட், யாருக்கு விழுந்தது என்று சீட்டு அச்சிடும் விவிபேட்) 40,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியுமாக 47,200 ரூபாய். 340 பூத் உள்ள தொகுதி என்று வைத்துக்கொண்டால் 17 செட், 8,02,400 ரூபாய். சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதிக்குள் திருமயம், ஆலங்குடி, காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை என்று ஆறு இருக்கின்றன; எல்லாம் இதே அளவு என்றால் அரைக் கோடியை நெருங்கும். தொகை அதிகம் என்று நீதிமன்றம் சொன்ன பிறகு குறைத்தார்கள். அப்படியும் சுயேச்சைக்கு எட்டாது.

காசை விடப் பெரிய குறை சோதனையிலேயே இருந்தது. முதலில் வகுத்த முறையில், மெஷினில் 1,400 ஓட்டு வரை போட்டுப் பார்த்து விவிபேட் சீட்டோடு ஒப்பிடுவார்கள். மெஷின் இன்று சரியாக எண்ணுகிறது என்பது அதில் தெரியும். தேர்தலன்று உள்ளே இருந்ததும் இதே நிரல்தானா என்பதுதானே கேள்வி? பழைய பதிவை அழிக்காதீர்கள் என்று 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. அதன்பின், மெமரி மாற்றப்படவில்லை என்று பொறியாளர்கள் சான்று தரும் முறை வந்தது. செய்தவரே சான்று தருகிறார். வெளி நிபுணர் யாரும் சோதிப்பதில்லை.

அமெரிக்காவில் 2016 அதிபர் தேர்தலைப் பற்றி 2017 ஜனவரி 6-இல் உளவு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கையிலும் இதே குறைதான். டிரம்ப்புக்குச் சாதகமாக ரஷ்யா வேலை செய்தது என்ற முடிவில் சிஐஏவும் எஃப்பிஐயும் 'உயர்ந்த நம்பிக்கை' என்றன, என்எஸ்ஏ 'மிதமான நம்பிக்கை' என்றது. அடிப்படை ஆதாரங்கள் ரகசியம் என்பதால் பொது அறிக்கையில் வரவில்லை. அதே அறிக்கை, குறிவைக்கப்பட்டவை ஓட்டு எண்ணும் கருவிகள் அல்ல என்றும் எழுதியிருந்தது. கட்சிக்காரர்களின் மின்னஞ்சலைத் திருடியது ஒன்று, இல்லினாய் மாநில வாக்காளர் பட்டியலுக்குள் புகுந்தது இன்னொன்று, ஓட்டையே மாற்றுவது வேறொன்று. செய்திகளில் மூன்றும் 'தேர்தல் ஹேக்' என்ற ஒரே சொல்லுக்குள் போய் விழுந்தன. அந்தச் சமயத்தில்தான் வெர்மான்ட் மின்கட்டமைப்புக்குள் ரஷ்யர்கள் நுழைந்ததாக வாஷிங்டன் போஸ்ட் எழுதி, கட்டமைப்போடு இணையாத ஒரு லேப்டாப் விவகாரம் அது என்று பின்னர் திருத்தியது. அதே தேர்தலில் விஸ்கான்சின் மாநிலத்தில் சுமார் 30 லட்சம் ஓட்டைத் திரும்ப எண்ணியபோது டிரம்ப்பின் முன்னிலை 131 ஓட்டு கூடியது. அறிக்கைகளைவிட, இப்படித் திரும்ப எண்ண முடிகிற காகித ஓட்டையே நம்பலாம்.

நம் பக்கத்திலும் 2009 மே 16 யாருக்கும் மறந்திருக்காது. அப்போதைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் சிவகங்கையில் தோற்றதாகச் சேனல்கள் முதலில் சொன்னன. இரவுக்குள் 3,354 ஓட்டில் வென்றதாக அறிவிப்பு வந்தது. உளவுத்துறையைக் கையில் வைத்திருந்த அமைச்சரின் தொகுதி என்பதால் சந்தேகம் இன்னும் வேகமாகப் பரவியது.

செட்டிநாட்டில் கணக்குப் பழகியவர்களுக்கு, அன்றாட வரவு செலவு எழுதும் சிட்டையும் பேரேடும் ஒத்துப்போக வேண்டும், அப்போதுதான் ஐந்தொகை என்ற இறுதிக் கணக்கு. ஓட்டுக் கணக்கில் அந்தச் சிட்டை, படிவம் 17சி. பூத் ஏஜென்டுக்கு இலவசமாகத் தரவேண்டிய நகல் இது. கட்டுப்பாட்டுக் கருவி, பேலட் யூனிட், விவிபேட் மூன்றின் வரிசை எண்களும், 17ஏ பதிவேட்டில் கையெழுத்திட்டவர் எண்ணிக்கையும், மெஷினில் பதிவான மொத்த ஓட்டும் இதில் இருக்கும். எண்ணும் நாளில் மேசைக்கு வரும் மெஷினின் எண்ணையும் மொத்தத்தையும் இதோடு ஒட்டிப் பார்க்கலாம். ஜீப்பில் மெஷின் போகிறது என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தாலும், அந்த எண் 17சி-யில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பெரும்பாலும் அது பூத்துக்கே போகாத ரிசர்வ் மெஷின்.

தவறு எங்கே நடக்கிறது? வாக்குப்பதிவுக்கு 90 நிமிடம் முன்பு குறைந்தது 50 ஓட்டு போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்துவார்கள். அதன்பின் 'கிளியர்' அழுத்த மறந்தால், எண்ணும்போது அந்த 50-ம் கூடுதலாக நிற்கும். திருட்டு என்று கூச்சல் எழுவது பல முறை இதனால்தான். கட்டுப்பாட்டுக் கருவியோ பேலட் யூனிட்டோ நடுவில் பழுதானால் முழு செட்டையும் மாற்றுவார்கள். விவிபேட் மட்டும் கெட்டால் அதை மட்டும். புது எண்ணை ஏஜென்ட் குறிக்காவிட்டால் அந்த பூத்தில் ஒப்பிடுவது கஷ்டம். மாலையில் 'குளோஸ்' அழுத்தும் முன்பே வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கிளம்பும் ஏஜென்டுகள்தான் இந்த 17சி ஒப்பீட்டின் பெரிய எதிரி.

மதிப்பெண்: கட்டணச் சோதனைக்கு 5-க்கு 2. படிவம் 17சி-க்கு 4. பல இடங்களில் மூன்றாவது, நான்காவது கார்பன் நகலில் எண்களே தெரிவதில்லை. அதற்கு ஒன்று குறைத்தோம். ஏஜென்ட் தன் நோட்டில் மூன்று வரிசை எண்களையும் மொத்தத்தையும் தனியாக எழுதி, பூத்தின் தலைமை அலுவலர் முன்னாலேயே சரிபார்த்துவிட்டு நகலை வாங்குவது நல்லது.