உங்கள் டொமைன் யார் கணக்கில் இருக்கிறது? இன்றைக்கே பாருங்கள்

வெள்ளக்கோவில் பக்கம் வாகை மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்கிறோம். 2021-இல் எங்கள் கடைக்கென்று வாங்கிய டொமைன் பெயர், அதாவது வெப்சைட்டுக்குப் போக அடிக்கிற முகவரி, இப்போது எங்களிடம் இல்லை. வெப்சைட் வைத்திருக்கும் சிறு வியாபாரிகள் யாருக்கும் இது நடக்கக்கூடாது. அதற்காகத்தான் இந்தப் பதிவு. அந்தப் பெயரை மட்டும் இங்கே எழுதவில்லை. எழுதினால் நீங்கள் அங்கே போய்ப் பார்ப்பீர்கள், அது இப்போது அதை வைத்திருக்கும் ஆளுக்குத்தான் லாபம்.

அந்தப் பெயரைப் பிடிக்கவே எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. ‘எண்ணெய்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள். முன்னால் ஒய் போடுகிறவர் உண்டு, கடைசியில் ஏ-ஐ போடுகிறவர் உண்டு, ஈ-ஐ போடுகிறவரும் உண்டு. அதனால் அந்தச் சொல்லே வேண்டாம் என்று விட்டோம். ‘செக்கு’வுக்கும் எஸ்ஸா, சி-ஹெச்சா என்ற குழப்பம் இருந்தது. என் மனைவிதான் வழி சொன்னாள். பழைய வாடிக்கையாளர்கள் பன்னிரண்டு பேருக்குப் போன் போட்டுப் பெயரை வாயால் மட்டும் சொல்லி, அவர்கள் என்ன அடிக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். ஒன்பது பேர் எஸ் போட்டிருந்தார்கள். அதையே எடுத்தோம். கோடு இல்லை, எண் இல்லை, ஒருமுறை காதில் விழுந்தால் போதும். பேருந்தில் எங்கள் பையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் ஆர்டர் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

வெப்சைட் செய்தது தெரிந்தவர் மூலம் வந்த ஒரு பையன். நல்ல வேலைக்காரன், அதை மறுக்கவில்லை. டொமைனை நானே வாங்கட்டுமா என்று கேட்டேன். “அண்ணா, நீங்க எண்ணெய் ஆட்டுறதைப் பாருங்க, இதெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றான். 18,000 ரூபாய் கொடுத்தேன். பில்லில் ‘வெப்சைட் டிசைன்’ என்று ஒரே வரி. டொமைன் என்ற சொல்லே அதில் இல்லை. அப்போது அது என் கண்ணில் படவில்லை.

மூன்று வருஷம் ஒரு தொல்லையும் இல்லை. 2024-இல் வருஷப் பராமரிப்புக் காசை 6,000-லிருந்து 20,000-க்கு ஏற்றினான். முடியாது தம்பி, வேறு ஆளிடம் மாற்றிக்கொள்கிறேன் என்றேன். அதற்குப் பதிலாக வந்த மெசேஜ்: “டொமைன் என் பேர்ல இருக்குண்ணா. வேணும்னா 75,000.”

பணம் கட்டியது நான், பெயர் யோசித்தது நான், கடையும் என்னுடையது. ஆனால் டொமைனை விற்றுப் பதிவு செய்து தரும் நிறுவனத்தில் (பதிவு நிறுவனம்) இருந்த கணக்கு அவன் மின்னஞ்சலில், அவன் போன் எண்ணில் இருந்தது. டொமைன் விவரம் தேடும் பக்கத்தில் பார்த்தால் உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. பதிவு நிறுவனத்தின் பெயரும் காலாவதித் தேதியும்தான் தெரிந்தன. அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். கணக்கு வைத்திருப்பவரிடம் மட்டுமே பேச முடியும் என்று பதில் வந்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை வெப்சைட் போய்விட்டது. அதோடு அந்த டொமைன் பெயரில் வைத்திருந்த கடை மெயிலும் போனது, இதுதான் என்னை உலுக்கியது. டொமைன் யார் கையில் இருக்கிறதோ, அந்தப் பெயரில் வரும் மெயில் எல்லாவற்றையும் அவர் தன் பக்கம் திருப்பிக்கொள்ள முடியும். அந்த முகவரியைத்தான் வங்கியில் கொடுத்திருந்தேன், ஜிஎஸ்டிக்கும் அதுதான். பாஸ்வேர்ட் மாற்றும் லிங்க் அங்கேதான் போகும். அன்றைக்கு முழுக்கக் கடையை மூடிவிட்டு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

வக்கீலைப் பார்த்தேன். டொமைன் பெயருக்கும் வணிகக் குறிக்கு (டிரேட்மார்க்) உள்ளதுபோல் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றமே 2004-இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் சொல்லியிருக்கிறது. டாட் காம் பெயர்களுக்குத் தனியாக ஒரு சர்வதேசத் தகராறு முறையும் உண்டு. ஆனால் அதில் பெயர் நம் குறி என்று காட்ட வேண்டும், எதிராளிக்கு அதில் உரிமை இல்லை என்று காட்ட வேண்டும், கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து அப்படியே பயன்படுத்தவும் செய்தான் என்றும் காட்ட வேண்டும். ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரே நடுவரை வைத்து விசாரிக்கவே கட்டணம் 1,500 டாலர். என் கையில் இருந்தது டொமைன் என்ற சொல்லே இல்லாத ஒரு பில். குறியையும் நான் பதிவு செய்திருக்கவில்லை. எங்கள் வசதிக்கு அது ஆகாது என்று விட்டுவிட்டோம். 75,000-மும் கொடுக்கவில்லை.

குடோனில் பழைய பெயர் அச்சடித்த டின்கள் 1,400 இருந்தன. ராத்திரி சாப்பிட்ட பிறகு நானும் மனைவியும் அம்மாவும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புது ஸ்டிக்கர் ஒட்டினோம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஸ்டிக்கர் நிற்காது. துணியால் துடைத்து, காயவைத்து, அப்புறம் ஒட்ட வேண்டும். பதினோரு ராத்திரி ஆனது. அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

புதுப் பெயரை நானே வாங்கினேன். சாதாரணமாக வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சுமாருக்கு முடிகிற வேலை, பத்து நிமிஷம் ஆகவில்லை. கணக்கு என் சொந்த ஜிமெயிலில் இருக்கிறது. கடை டொமைனின் மெயிலையே அதற்குக் கொடுக்காதீர்கள், டொமைன் போனால் அதுவும் சேர்ந்து போகும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை மட்டும் நம்பாமல் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டேன். டாட் காமுக்குப் பத்து வருஷம் வரை கட்டலாம். வாங்கிய மறுநாளிலிருந்து வெப்சைட் செய்து தருகிறோம் என்று முகம் தெரியாதவர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள், ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. இப்போது வெப்சைட் செய்கிறவருக்கு டொமைன் கணக்கின் பாஸ்வேர்ட் தெரியாது. ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் அவர் சொல்லச் சொல்ல நானே மாற்றுகிறேன்.

உங்கள் டொமைன் கணக்கில் நீங்களே நுழைந்து பாருங்கள். ஓடிபி யார் போனுக்கு வருகிறது? வேறு ஆள் போனுக்கு என்றால், அவரோடு நல்ல உறவு இருக்கும்போதே கேட்டு உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். அதே நிறுவனத்துக்குள்ளேயே மாற்றலாம், அல்லது பழைய நிறுவனம் தரும் மாற்றல் குறியீட்டை வாங்கி வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம். புதிதாகப் பதிவான பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்ற 60 நாள் காத்திருக்க வேண்டி வரும். இனிமேல் செய்யப் போகிறவர்கள் பில்லில் டொமைன் பெயரை எழுத்துக்கு எழுத்து போட்டு, அது உங்களுக்குச் சொந்தம் என்று ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்படிப் பார்ப்பது என்று தெரியாத வெள்ளக்கோவில், காங்கேயம் பக்கத்துக் கடைக்காரர்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல் கடைக்கு வாங்க. போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்துவிடலாம்.