சைக்ளோஹெக்சிமைடா, பியூரோமைசினா?

கல்லீரல் செல்களில் புரத உற்பத்தியை இந்த இரண்டு ஆய்வக மருந்துகளுமே நிறுத்தும். நிறுத்தும் விதம் வேறு. சைக்ளோஹெக்சிமைடு, புரதம் கட்டும் ரைபோசோமின் பெரிய பாதியான 60எஸ் துணையலகில் ஒட்டி, ரைபோசோமை எம்ஆர்என்ஏ என்ற செய்தி இழை மேல் நகரவிடாது. பாலிசோம் (ஒரே எம்ஆர்என்ஏ மேல் வரிசையாக அமர்ந்த ரைபோசோம்கள்) கலையாது, அதனால் பாலிசோம் பிரித்தெடுப்புக்கு இதுவே சரி. மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம், செல் உடைக்கும் கரைசலிலும் சேருங்கள். கரைசல் காரமானால் மருந்து சிதைந்துவிடும். மைட்டோகாண்ட்ரியா ரைபோசோம்களை இது தொடாது.

பியூரோமைசின், அமினோ அமிலம் சுமந்துவரும் டிஆர்என்ஏவின் நுனியைப் போல நடித்து, அது வந்தமரும் ரைபோசோமின் ஏ-இடத்தில் நுழையும். வளரும் புரதச் சங்கிலி பியூரோமைசினோடு இணைந்து அரைகுறையாக உதிர, பாலிசோம் கலையும். உதிர்ந்த துண்டை, பியூரோமைசினை அடையாளம் காணும் எதிர்ப்பொருளால் காட்டலாம் என்பதால், உற்பத்தி வேகத்தை அளக்க என் தேர்வு இதுதான். வளர்ப்புச் செல்களுக்கு மில்லிலிட்டருக்கு சுமார் 1 மைக்ரோகிராம் போதும். அளவைக் கூட்டினால் உற்பத்தியே அடங்கி, அளவீடு பொய்யாகும். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஆல்புமின் போன்ற சுரப்புப் புரதம் என்றால், வளர்ப்புக் கரைசலையும் சோதியுங்கள்.