கரண்ட் பெட்டிக்கு ஓவியமா, ஸ்ரிக்கரா, வெறும் பூச்சா?

யாழ்ப்பாணத்தில் சந்தியோரப் பெட்டி ஒன்றின் முகத்தைத் தகட்டுக் கரண்டியால் மெல்லச் சுரண்டினால் ஊர் நடப்பு முழுக்க உரிந்து வரும். மேலே ஒரு முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி. அதற்குக் கீழே உயர்தர இரசாயனவியல் வகுப்பு ஆரம்பம். அதற்கும் கீழே முந்திய தேர்தல் கேட்ட ஒருவரின் பாதி மீசை. ரெலிகொம் பெட்டி, மின் விநியோகப் பெட்டி, சமிக்ஞை விளக்குக்கு உரிய பெட்டி எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இவற்றுக்கு ஓவியம் தீட்டிவிட்டால் ஊரும் அழகாகும், கிறுக்கலும் நிற்கும் என்ற யோசனை அவ்வப்போது கிளம்பும். யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 1984இல் கிறுக்கல் ஒழிப்புக்கென்று தொடங்கிய வேலைத்திட்டம், கிறுக்கிய இளைஞர்களின் கையிலேயே தூரிகையைக் கொடுத்துப் பெரிய சுவரோவிய இயக்கமாக வளர்ந்தது. அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 1990களின் கடைசியிலிருந்து சமிக்ஞை விளக்குப் பெட்டிகளை ஊர்வாசிகளே வரைகிறார்கள். நியூசிலாந்தில் சோரஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தன் வீதியோரப் பெட்டிகளை ஓவியர்களுக்குக் கொடுக்கிறது.

ஆனால் அங்கெல்லாம் எதிரி ஸ்பிரே ரின்னோடு வருபவன். இங்கே வருவது பசை வாளி. காதலர் பெயர், உயர்தரப் பிரிவின் ஆண்டு என்று கொஞ்சம் கிறுக்கலும் உண்டுதான். இருந்தாலும் பத்துப் பெட்டியைப் பார்த்தால் அழுக்கின் பெரும்பங்கு கோதுமை மாப் பசையும் கடதாசியும், போகிற போக்கில் துப்பிய வெற்றிலைச் சாறும்தான். எதை எதோடு ஒப்பிட்டாலும் இந்த மூன்றையும் எது தாங்கும் என்பதே என் முதல் கேள்வி. அழகு அதற்குப் பிறகு.

முதலில் அச்சிட்ட ஸ்ரிக்கர். கணினியில் படம் செய்து, வினைல் தாளில் அச்சடித்து, பெட்டியைச் சுற்றி ஒட்டிவிடுவது. ஒரே நாளில் வேலை முடியும், புகைப்படம் போலத் தெளிவாக இருக்கும், மாநகர சபைக்கும் நிறுவனத்துக்கும் கணக்கு எழுத இலகு. வினைலில் இரண்டு தரம் உண்டு. மலிவானது உருளையில் நசுக்கித் தட்டையாக்கியது. வெயிலில் அது மெல்லச் சுருங்கி விளிம்பில் கிளம்பும். வாகனங்களுக்குச் சுற்றுகிற, வார்த்து எடுத்த வகை கூடுதல் காலம் நிற்கும், விலையும் கூட. நமது ஊரில் விலை கோரும் கேள்விப்பத்திரத்தில் எது வரும் என்று சொல்லத் தேவையில்லை.

வெயிலை விடப் பெரிய பிரச்சினை சுரண்டல். ஸ்ரிக்கரின் மேல் சுவரொட்டி ஒட்டினால், அதைச் சுரண்டுகிற கரண்டி கீழே இருக்கும் படத்தையும் சேர்த்துக் கிழிக்கும். கிழிந்த மூலையை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது இழுத்துப் பார்க்கும். இழுத்தால் வருமென்றால் யார்தான் விடுவார்கள்? சின்னத் திருத்தம் செய்யவும் வழியில்லை, அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி அச்சடிக்க வேண்டும். எனவே பசை வாளி நடமாடும் சந்திகளுக்கு ஸ்ரிக்கர் சரிவராது. ஒரு விழாவுக்காகச் சில மாதம் நின்றால் போதும் என்றால் மட்டும் அதை எடுக்கலாம்.

அடுத்தது வெறும் பூச்சு. இதை யாரும் மேடையில் பேச மாட்டார்கள், திறப்பு விழாவும் வைக்க முடியாது. ஆனால் ஒப்பீட்டில் நான் அதிக மதிப்பு வைத்திருப்பது இதற்குத்தான். கிறுக்கல் தடுப்புப் பூச்சு என்று விற்பவை இரு வகை. மெழுகு போன்ற ஒன்று, சுடுநீரை அடித்தால் அழுக்கோடு தானும் கழன்று வரும், கழுவியபின் திரும்பப் பூச வேண்டும். மற்றது பொலியூரித்தேன் வகை, கடினமாக நின்று, கரைப்பானால் துடைத்தால் மையை மட்டும் விடும். இரண்டும் ஸ்பிரே மைக்காகப் பிறந்தவை. சுவரொட்டிக்கென்று வேறொரு உத்தி இருக்கிறது. பூச்சில் மணல் போன்ற துகளைக் கலந்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினால் கடதாசி முழுதாகப் படியாது, மேடுகளில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், காய்ந்ததும் உரிந்துவிடும். மாப் பசை தண்ணீரில் ஊறும் பொருள் என்பதும் நமக்கு வசதி. பூச்சு உறுதியாக இருந்தால் ஒரு வாளி தண்ணீரும் தேங்காய்ப் பொச்சும் பாதி வேலையை முடிக்கும்.

வெறும் பூச்சு வெல்லுமா தோற்குமா என்பது எவ்வளவு சீக்கிரம் துடைக்கிறோம் என்பதில் இருக்கிறது. நெதர்லாந்தின் கிறோனிங்கன் நகரத்தில் செய்து 2008இல் வெளியான ஆய்வு ஒன்று. சைக்கிள் தரிப்பிடத்தில் கைப்பிடிகளில் துண்டுப்பிரசுரங்களைச் செருகிவிட்டு, எத்தனை பேர் அவற்றை நிலத்தில் போடுகிறார்கள் என்று எண்ணினார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது 33 வீதம். அதே சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 வீதம். ஒரு நினைவஞ்சலி ஒட்டப்பட்ட பெட்டியில் ஒரு வாரத்துக்குள் ரியூசன் நோட்டீசு எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். முதல் கடதாசியை மறுநாள் காலையே உரிக்க ஓர் ஆள் இருந்தால் படம் வரையாத பெட்டியும் சுத்தமாக இருக்கும். ஆள் இல்லையென்றால் எந்தப் பெரிய ஓவியர் வரைந்தும் பயனில்லை.

இன்னொன்றும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஸ்பிரே அடிப்பவன் யாரென்று தெரியாது. சுவரொட்டியோ, ஒட்டச் சொன்னவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொட்டை எழுத்தில் தாங்கி நிற்கிறது. அந்த இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுத்து, ‘ஐயா, உங்கட நோட்டீசு எங்கட சந்திப் பெட்டியில நிக்குது, கழட்டி விடுறீங்களா’ என்று சபையிலிருந்து மரியாதையாகக் கேட்பதற்கு ஆகும் செலவு என்ன? வகுப்பு நடத்துபவர் கேட்பார். அரசியல்வாதி கேட்பாரா என்பது வேறு கதை. அஞ்சலிச் சுவரொட்டிக்கு மட்டும் இந்த வழி வேண்டாம். செத்த வீட்டுக்கு யாரும் அப்படி அழைப்பு எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. முப்பத்தோராம் நாள் கழிய விட்டு உரிப்பதே ஊர் முறைக்கு ஒத்தது.

சரி, ஓவியத்துக்கு வருவோம். பசை வாளியோடு நள்ளிரவில் வருபவர் கூலிக்கு ஒட்டுபவர். விடியமுன் கையிலுள்ள சுவரொட்டிக் கட்டு முழுவதையும் ஒட்டி முடிக்க வேண்டும், அவர் ஓவியம் பார்த்துக்கொண்டு நிற்கப்போவதில்லை. அப்படியென்றால் ஓவியம் எப்படித் தடுக்கும்? ஒட்டச் சொன்னவருக்கு வரும் வெட்கத்தால். வெற்றுத் தகட்டில் ஒட்டினால் ஒருவரும் பேச மாட்டார்கள். ஊர்ப் பிள்ளை வரைந்த படத்தின் முகத்தில் ஒட்டினால் அடுத்த நாள் முகநூலில் பெயரோடு வரும். ஆகவே ஓவியம் வேலை செய்வது அதற்கு ஊரில் சொந்தக்காரர் இருக்கும் இடத்தில் மட்டும். ஆள் நடமாட்டமில்லாத புறவழி வீதிப் பெட்டிக்கு அந்தச் சக்தி கிடையாது.

யார் வரைவது என்பதில்தான் திட்டங்கள் பிழைப்பதும் கெடுவதும். மாணவர் சிரமதானம் மலிவு, உற்சாகம். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் மதில்களில் வரைந்த அலை யாழ்ப்பாணத்துக்கும் வந்தது நினைவிருக்கும். உள்ளூர் வர்ணம், வாரக்கடைசி, நல்ல மனது. மதிலுக்கு அது ஓரளவு போதும். பெட்டிக்குப் போதாது. நாகம் பூசிய தகட்டில் சுவருக்கு அடிக்கும் இமல்ஷனை நேராக அடித்தால் பிடிக்காது, முதல் மாரியிலேயே தோல் போல உரியும். தகட்டை அரத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, அதற்கென்ற பிறைமர் அடித்து, பிறகுதான் வர்ணம், கடைசியில் நிறமில்லாத வார்னிஷ் போன்ற கண்ணாடிப் பூச்சு. கடல்நீரேரி உப்புக்காற்று அடிக்கும், நகரின் கரையோரமான பண்ணைப் பக்கமென்றால் துரு பிடித்த மூலையைச் சுரண்டாமல் எதையும் தொடவே கூடாது.

பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்தவர்களிடம் கொடுத்தால் கற்பனை நன்றாக வரும். எனது தெரிவு வேறு. பெயர்ப்பலகை எழுதியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். கடைப் பலகை, வாகனத்தின் பின்புறம், தேர்த்திருவிழாப் பந்தல் என்று தகட்டிலும் துணியிலும் கை பழகியவர்கள். டிஜிட்டல் அச்சு வந்து அவர்கள் தொழிலை விழுங்கிவிட்டது. சென்னையில் 2010ஐ ஒட்டி மாநகராட்சி அண்ணாசாலை மதில்களில் சுவரொட்டியைத் தடுக்கப் படம் வரையத் தீர்மானித்தபோது, ஃபிளெக்ஸால் வேலை இழந்த பதாகை ஓவியர்களைத்தான் அழைத்தது. தகட்டில் எந்தப் பெயின்ற் நிற்கும், எந்தச் சிவப்பு ஒரு வருடத்தில் வெளிறும் என்பது அவர்களுக்குத் தெரியும். மாதிரியை நுண்கலைப் பட்டதாரி போடட்டும், தகட்டில் அதை ஏற்றுவது பலகை எழுதியவராக இருக்கட்டும். இரண்டு பேருக்கும் கூலி கொடுக்க வேண்டும், ‘வாய்ப்புக் கொடுத்தோம்’ என்று முடித்துவிடக் கூடாது.

கூலி என்றதும் செலவைப் பயப்பட வேண்டாம். ஐந்தடி உயரம், நாலடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்று ஒரு பெட்டியை எடுத்தால் நான்கு பக்கமும் சேர்ந்து 55 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 5 சதுர மீற்றர். நல்ல பெயின்ற் ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்குப் பத்துச் சதுர மீற்றர் போகும். ஒரு பூச்சுக்கு அரை லீற்றர் காணும். பொருளுக்குப் பெரிய காசு இல்லை, எல்லாம் கைவேலைக்குத்தான். அதனால் பொருளில் மிச்சம் பிடிப்பது புத்தியில்லை. மலிவான மஞ்சளும் ரோசாவும் நமது வெயிலில் முதலில் சாகும். நீலத்திலும் பச்சையிலும் வெயிலில் எளிதில் வெளிறாத தாலோசயனின் வகை வர்ணமாகக் கேட்டு வாங்கலாம். காவி இரும்பு ஒக்சைட் என்பதால் வெயிலுக்கு அசையாது. நல்லூர்க் கோயிலின் காவி வெள்ளைக் கோட்டு மதிலைப் பாருங்கள், வர்ணமும் நிற்கிறது, அதில் சுவரொட்டி ஒட்ட ஒருவருக்கும் துணிவும் வராது.

அதற்காகப் பெட்டியில் சாமி படம் வேண்டாம். சிறுநீர் கழிப்பதைத் தடுக்கச் சாமி படம் பதித்த ஓடு ஒட்டும் பழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. இங்கே ஒரே சந்தியில் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் இருக்கும், யாருடைய சாமி என்ற பேச்சை ஒரு தகரப் பெட்டிக்காகத் தொடங்கக் கூடாது. தலைவர்கள் படமும் அப்படியே. கிடுகு வேலியின் பின்னல், கூரை போட்ட வாசலான சங்கடப் படலை, கிணற்றுத் துலா, நீரேரிப் பூநாரை, ஒஸ்ரின் கார் இப்படிச் சொத்து நிறைய இருக்கிறது. கிடுகுப் பின்னல் எனக்குப் பிடித்தது. சின்னச் சின்னத் தட்டுகளாகப் பிரிந்த உரு என்பதால் ஒரு மூலை கெட்டால் அந்தத் தட்டை மட்டும் திருத்தலாம். ‘உபயம்: கனடா வாழ் இன்னார் குடும்பம்’ என்ற எழுத்து படத்தைவிடப் பெரிதாக வந்துவிடாமலும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனங்கள் மறுப்பதற்கு ஒரு நியாயமான காரணம் வெப்பம். இந்தப் பெட்டிகளை வெளிர் சாம்பலில் விடுவது சும்மா அல்ல. வெயிலை அது திருப்பி அனுப்புகிறது. கருநீலத்தில் இரவு வானம் வரைந்தால் பெட்டி சூடேறும். தொலைத்தொடர்புப் பெட்டிகள் சிலவற்றுக்குள் ஈய அமில மின்கலம் இருக்கும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் பொதுக் கணக்கு. ஆகவே அடித்தளம் வெளிர் நிறம், கருமை கோடுகளில் மட்டும். காற்றுத் துளைகளை மூடக் கூடாது, பெட்டி இலக்கமும் அபாய எச்சரிக்கையும் தெரிய வேண்டும், கதவுப் பிணைச்சலில் பெயின்ற் ஒழுகிக் காய்ந்து ஒட்டிவிடக் கூடாது. ஸ்ரிக்கர்க்காரர் துளையை மூடுவார், ஓவியர் சுற்றி வரைவார். இந்த இடத்திலும் ஓவியத்துக்கே என் வாக்கு. உயர் அழுத்த மின்மாற்றி நிற்கும் இடத்தில் மட்டும் ஓவியர் கால் வைக்கவே வேண்டாம்.

எழுத்து மூல அனுமதியும் முக்கியம். பொதுச் சொத்துக்குச் சேதம் என்பதற்கு 1982இலிருந்து தனிச் சட்டம் உள்ள நாடு இது. பெட்டிக்கு உரிய நிறுவனம், வீதிக்கு உரிய சபை இரண்டின் கடிதமும் ஓவியரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

எனக்குப் பொறுப்புத் தந்தால், பெரும்பாலான பெட்டிகளுக்குச் சொரசொரப்பான வெளிர்ப் பூச்சும் அதைத் துடைக்க ஓர் ஆளும் போதும் என்பேன். நடந்து போகிறவர்கள் அதிகமுள்ள சந்திகள், பாடசாலை வாசல்கள், பஸ் நிலையத்தைச் சூழ்ந்த பகுதி, இவற்றில் மட்டும் ஓவியம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்துச் சனசமூக நிலையம் பொறுப்பு. ஓவியரோடு எழுதும் ஒப்பந்தத்தில் ஐந்து வருடத்துக்கு, வருடம் ஒருமுறை வந்து திருத்துவதும் கண்ணாடிப் பூச்சைப் புதுப்பிப்பதும் சேர வேண்டும், அதற்குரிய பணத்தையும் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். படம் வரைய மட்டும் காசு இருக்கிறது, திருத்த இல்லை என்றால் பெட்டிகளின் எண்ணிக்கையைப் பாதியாக்குவது நல்லது. வேலையைத் தை பிறந்து தகடு நன்றாகக் காய்ந்தபின் தொடங்கினால் நல்லூர்த் திருவிழாவுக்கு முன் முடிக்கலாம். ஐப்பசியில் தூரிகை எடுத்தால் பிறைமரே காயாது.