உமியா, மணலா, ஓட்டுப்பொடியா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வயல் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை மட்டும் மிதித்துப் பெரிய சாடி வனைந்தால், நிழலில் காயும்போதே வெடித்துவிடுகிறது. நைசான களி தண்ணீரை நிறையப் பிடித்து வைத்துக்கொள்கிறது, காயும்போது அந்த அளவுக்குச் சுருங்குகிறது. சொரசொரப்பாக ஏதாவது கலந்தே ஆக வேண்டும்.

உமி அரிசி மில்லிலேயே கிடைக்கும். சூளையில் எரிந்துபோய், இருந்த இடத்தில் துளையை விட்டுச் செல்லும். எடை குறையும். பூந்தொட்டிக்கு இதைவிட நல்லதில்லை, வேருக்குக் காற்று போகும். குழம்புச் சட்டிக்கு வேண்டாம். எண்ணெய் ஊறும், விளிம்பும் சீக்கிரம் உதிரும்.

மணல் சமையல் சட்டிக்கு ஆகிவந்த சரக்கு. ஆனால் அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 டிகிரி செல்சியஸில் சட்டென்று விரியும், ஆறும்போது அதே சூட்டில் சுருங்கும். அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடக்காவிட்டால் விரிசல்தான். சுண்ணாம்புத் துணுக்கு கலந்திருந்தால் இன்னும் மோசம். நன்றாகச் சுட்டு அலமாரியில் வைத்த என் சட்டி ஒன்று எட்டு நாள் கழித்துப் பொரிந்து பெயர்ந்தது. துணுக்கு சூளையில் நீறி, பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கிறது. ஆற்று மணல் எடுப்பதற்கும் கேரளத்தில் 2001-இல் வந்த ஒரு சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு. அந்த ஆறுகள் பட்ட பாட்டுக்கு அது தேவைதான்.

என் கை போவது ஓட்டுப்பொடிக்கு. பழைய வீட்டைப் பிரித்தால் உடைந்த மங்களூர் ஓடு குவியும். பாசியைத் தேய்த்துக் கழுவி, உரலில் இடித்துச் சலிக்க வேண்டும். தோள் வலிக்கும் வேலை, ஆனால் வீண் போகாது. ஏற்கெனவே சுட்டது என்பதால் காயும்போது அது சுருங்காது, சுற்றியுள்ள களியையும் அதிகம் சுருங்க விடாது. பத்துப் பங்கு மண்ணுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு போதும். சாடிக்கும் சிலைக்கும் குருணையாக, டீ குவளைக்கு மாவாக. குவளை விளிம்பில் குருணை இருந்தால் உதட்டை அறுக்கும்.

குருணை கலந்த மண்ணைச் சக்கரத்தில் வனைந்தால் உள்ளங்கை தேயும், அதனால் அதைப் பெரும்பாலும் கையால் அடுக்கியே கட்டுகிறேன். பாதி காய்ந்ததும் சீவினால் குருணை இழுபட்டுக் கோடு விழும். அப்போது வழுவழுப்பான கூழாங்கல்லை நனைத்து அழுத்தித் தேய்த்தால் குருணை உள்ளே போய்விடும். சல்லடையில் தங்கும் பெரிய துண்டுகளை வீசாதீர்கள். களியோடு பிசைந்தால் சூளை வாயை அடைக்க உதவும்.