முழு ஆண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டாதீர்கள்: வீட்டில் ஃபைல் சர்வர் வைக்க நினைப்பவர்களுக்கு

பன்னிரண்டு மாதக் கட்டணத்தையும், இணையத்தில் நம் இணைப்புக்கான மாறாத எண்ணாகிய நிலையான ஐபி முகவரிக்கென்று தனித் தொகையையும் முன்கூட்டியே கட்டி, "பணத்தைத் திருப்பித் தர இயலாது" என்ற பதிலை இன்று காலை வாங்கிக்கொண்ட சூட்டோடு இதை எழுதுகிறேன். வீடுகளுக்கு ஃபைபர் இணைப்புத் தரும் நிறுவனம் என்பதற்கு மேல் அதைப் பற்றி அடையாளம் சொல்லப்போவதில்லை.

பழைய கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளைப் பொருத்திக் குடும்பப் படங்களையும் கோப்புகளையும் வைத்து, வெளியில் இருக்கும்போதும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் தேவை. விற்பனைப் பிரதிநிதியிடம் இதை ஒளிக்காமல் சொன்னேன். வெளியிலிருந்து பாதுகாப்பான வலை இணைப்புகள் உள்ளே வரும் வாசலான 443 போர்ட் திறந்திருக்குமா என்று கேட்டதும், அவர் என் குறிப்பேட்டை வாங்கி, நான் எழுதியிருந்த அந்த எண்ணைச் சுற்றித் தன் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, "எல்லாம் திறந்துதான் சார் இருக்கும், நான் பொறுப்பு" என்றார். அந்த வட்டத்தை நம்பித்தான் பன்னிரண்டு மாதக் கட்டணத்தைக் கட்டினேன்.

இணைப்பு வந்த அன்றிரவே பார்த்தேன்: ரவுட்டருக்குக் கிடைத்திருந்த முகவரி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவை, ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் சிஜிநாட் முறைக்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. ஆகவே வரும் இணைப்பை வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் விதிகளை நம் ரவுட்டரில் எத்தனை எழுதினாலும், வெளியிலிருந்து வரும் இணைப்பு நம் வாசலுக்கே வந்து சேராது.

வாடிக்கையாளர் சேவைக்குப் பேசிய முதல் அழைப்பில் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். அடுத்ததில், "வேகம் சரியாகத்தானே வருகிறது?" என்று என்னையே கேட்டார்கள். மூன்றாவது புகார், எனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டது. ஒன்பதாம் நாள் பொது முகவரி வந்தது. ஆனால் வலை இணைப்புகளுக்கான 80, 443 போர்ட்கள் இரண்டும் அடைபட்டிருந்தன. வீட்டுத் திட்டத்தில் சர்வர் நடத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம், வணிகத் திட்டத்துக்கு மாற வேண்டுமாம். அந்த ஒப்பந்தம் என் மின்னஞ்சலுக்கு வந்ததே பணம் கட்டிய பிறகுதான். வட்டம் போட்டவரோ, "அது டெக்னிக்கல் டீம் விஷயம் சார்" என்று சொன்னதோடு சரி, பிறகு போனை எடுக்கவில்லை.

விரிவான வழிகாட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஒப்பந்தத்தை முதலில் கேட்டு வாங்கிப் படியுங்கள், போர்ட் பற்றிய பதிலை எழுத்தில் பெறுங்கள். ரவுட்டர் காட்டும் முகவரியும் வெளியில் தெரியும் முகவரியும் ஒன்றா என்று முதல் நாளே பாருங்கள். அவசரத்தில், விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான 445 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

வெளியே ஒரு சிறிய சர்வரை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளால் ஒரு மறையாக்கப்பட்ட தனிவழி (சுரங்கம்) போட்டிருக்கிறேன்; இணைப்பு உள்ளிருந்து வெளியே செல்வதால் அடைப்பு தடுக்கவில்லை. பன்னிரண்டு மாதக் கட்டணத்துக்கு மேல் இப்போது அந்த வாடகை வேறு.