மோசின்-நாகன் 91/30: முதல் சர்ப்ளஸ் ரைபிளாக வாங்குவோருக்கு, நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

அமெரிக்காவில் பழைய ராணுவ ரைபிள் ஒன்றை முதல்முறையாக வாங்க நினைப்பவரிடம் பெரும்பாலானோர் கைகாட்டுவது மோசின்-நாகன் 91/30ஐத்தான். 2010 வாக்கில் நூறு டாலருக்கே கிடைத்த சரக்கு இது. கிரீஸ் வழிய வழிய மரப்பெட்டியிலிருந்து நேராகக் கடைக்கு வரும். இன்று சாதாரண போர்க்கால ரைபிளுக்கே பல நூறு டாலர் கேட்கிறார்கள். அந்த விலைக்குத் தகுமா என்றால், குழல் நன்றாக இருந்தால் தகும், இல்லாவிட்டால் சுவரில் மாட்டத்தான் ஆகும். பல ஆண்டு சுட்ட பிறகு தெளிவாகத் தெரிவது ஒன்று: இந்த ரைபிளைப் பற்றிச் சொல்லப்படும் புகார்களில் முக்கால்வாசிக்குக் காரணம் அழுக்குதான்.

1891இல் ரஷ்யப் படை ஏற்றுக்கொண்ட வடிவம் இது. 1930இல் திருத்தியதால் 91/30 என்ற பெயர். நீளம் 1232 மி.மீ., குழல் மட்டும் 730 மி.மீ., எடை சுமார் 4 கிலோ. ஐந்து தோட்டா கொள்ளும். துலா, இஷெவ்ஸ்க் என்ற இரண்டு ஆலைகளில் செய்தார்கள். குழலின் பின்முனை மேல் நட்சத்திர முத்திரை இருந்தால் துலா, முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க். 1930களின் நடுப்பகுதி வரை ரிசீவரின் (போல்ட் ஓடும் உலோகக் கூடு) மேற்புறம் பட்டை பட்டையாக இருக்கும், பிறகு உருண்டையாக மாறியது. பட்டை ரிசீவருக்கு விற்பவர் கூடுதல் விலை சொல்வார். சுடுவதில் அதனால் எந்த லாபமும் இல்லை.

வாங்கும் முறை எளிது. கடையில் வாங்கினால் 4473 என்ற அரசுப் படிவம், பின்னணிச் சரிபார்ப்பு, அவ்வளவுதான். ஒன்றோடு நிறுத்தப் போவதில்லை என்று தெரிந்தால் சேகரிப்பாளர் உரிமம் எடுப்பது நல்லது. மூன்று ஆண்டுக்கு 30 டாலர், வயது 21 ஆகியிருக்க வேண்டும். 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத ரைபிளை அந்த உரிமத்தில் வெளி மாநிலத்திலிருந்தும் வீட்டுக்கே வரவழைக்கலாம். வாங்கியதையும் விற்றதையும் பதிவேட்டில் எழுதிவைப்பது கட்டாயம். மாநிலச் சட்டம் தனி, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டையை (ரைபிளின் மர உடலை) வெட்டி, குழலைக் குறைத்து 'ஸ்போர்ட்டர்' ஆக்கியது கையில் வந்தால் சேகரிப்பு மதிப்பு போயிற்று. அதே நல்ல குழலோடு பாதி விலைக்குக் கிடைத்தால், சுட மட்டும் வாங்குபவருக்கு அது மோசமான பேரம் இல்லை.

போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை), மேகசின் மூடி, பின்தகடு எல்லாவற்றிலும் ஒரே எண் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். போருக்குப் பிறகு சோவியத் ஆயுதக் கிடங்குகள் ரைபிள்களைப் பிரித்து, பழுது பார்த்து, கிடைத்த பாகங்களைக் கோத்து, எண்ணைப் புதிதாகப் பொறித்துவிட்டன. கட்டைக்குச் சிவப்பான ஷெல்லாக் மெருகு பூசியதும் அப்போதுதான். கட்டத்துக்குள் சாய்கோடு போட்ட முத்திரை அந்தப் பழுதுபார்ப்பின் அடையாளம். அது குறை அல்ல. துருப்பிடித்த 'அசல்' ரைபிளைவிடக் கிடங்கில் சீர்செய்ததுதான் பெரும்பாலும் நன்றாகச் சுடும்.

பார்க்க வேண்டியது குழலை. போல்ட்டைக் கழற்றிவிடுங்கள்: முழுக்கப் பின்னால் இழுத்து, விசையை அழுத்தியபடி உருவினால் கையோடு வந்துவிடும். குழலில் ஈரத் துணி ஒன்று ஓட்டிவிட்டுத்தான் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காஸ்மோலின் என்ற துருத்தடுப்பு கிரீஸ் பூசிய குழல் எல்லாமே பழுதுபட்டதாகத் தெரியும். உள்ளே கறுத்திருந்தாலும், குண்டைச் சுழற்றும் வரிகள் கூர்மையாக எழுந்து நின்றால் பரவாயில்லை. வரி மழுங்கி, வாய்ப்பக்கம் வழவழவென்று ஆகியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். மருந்தில்லாத டம்மி தோட்டாவைக் குண்டு முனை உள்ளே போகும்படி குழல் வாயில் செருகிப் பாருங்கள். குண்டின் ஒரு பகுதி வெளியே தெரிய வேண்டும், கேஸின் (தோட்டாவின் உலோகக் கூடு) முனை வரை இறங்கினால் குழல் வாய் தேய்ந்திருக்கிறது. ஒரு விதிவிலக்கு உண்டு. தேய்ந்த வாயைச் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கடைந்து, வரி உள்ளே தொடங்கும்படி கிடங்குகளே செய்த ரைபிள்கள் ஏராளம். அவற்றில் டம்மி முழுதாக இறங்கத்தான் செய்யும், ஆனால் சுடுவதில் குறை இருக்காது.

அடுத்தது ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. 7.62×54ஆர் தோட்டாவுக்கு விளிம்பு உண்டு, சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) அது நிற்பது அந்த விளிம்பில்தான். போல்ட் தலை தனிப் பாகம், எளிதாக மாறிவிடும். ஆகவே எண் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் கேஜ் என்ற அளவுக் கருவி வைத்துப் பார்த்த பிறகே முதல் தோட்டா. சொந்தமாக கேஜ் வாங்க வேண்டியதில்லை, துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் சில நிமிட வேலை.

இனி காஸ்மோலின். உலோகப் பாகங்களுக்கு மினரல் ஸ்பிரிட்டும் நைலான் பிரஷும் போதும். சின்னப் பாகங்களைக் கொதிநீரில் போட்டால் கிரீஸ் மிதந்து மேலே வரும், எடுத்து உடனே துடைத்து எண்ணெய் பூச வேண்டும். பெட்ரோலைத் தொட வேண்டாம், தீ விபத்துக்கு அது போதும். கட்டையைக் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றிக் கடும் வெயிலில் போட்டால் கிரீஸ் வியர்த்து வெளியேறும். துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். ஆல்கஹால் பட்டால் ஷெல்லாக் கரைந்து ஓடிவிடும். எவ்வளவு துடைத்தாலும், சுட்டுச் சூடேறியதும் கட்டையிலிருந்து இன்னும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்த நாற்றம் பழகிவிடும்.

பலர் அலட்சியம் செய்யும் இடம் சேம்பர். மோசினின் பேர்போன 'ஒட்டிக்கொள்ளும் போல்ட்' புகாரின் வேர் அங்கேதான். முதல் பத்துப் பதினைந்து தோட்டா ஒழுங்காகப் போகும். சேம்பர் சூடானதும் சுவரில் காய்ந்து படிந்த காஸ்மோலின் இளகிப் பசையாகி கேஸைப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியோ குட்டை, நேராக நீட்டிக்கொண்டிருப்பது, நெம்புவிசை குறைவு. போதாக்குறைக்கு ஸ்பிரிங் ஏறுவதும் போல்ட்டைத் தூக்கும்போதுதான். அதனால்தான் மரத்துண்டால் தட்டித் திறப்பவர்களைப் பார்க்கிறோம். வார்னிஷ் பூசிய எஃகு கேஸ்தான் உருகுகிறது என்று சொல்வார்கள். கேஸை எடுத்துப் பார்த்தால் விஷயம் தெரியும்: வார்னிஷ் அப்படியே இருக்கும், மேலே பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பு.

சேம்பருக்கு மருந்து: 20 கேஜ் ஷாட்கனுக்கான வெண்கல பிரஷைத் துப்புரவுக் கம்பித் துண்டில் மாட்டி, கம்பியை டிரில்லில் பிடித்து, சால்வென்ட் ஊற்றி மெதுவாகச் சுழற்ற வேண்டும். ஒரு நிமிடம் சுழற்றித் துணியால் துடைத்தால் துணி தேநீர் நிறத்தில் வரும். வெள்ளையாக வரும் வரை திரும்பச் செய்யுங்கள். எஃகு பிரஷ், மணல்தாள் கூடவே கூடாது. சேம்பரைப் பெரிதாக்கினால் திருத்த வழியில்லை. வெறும் சேம்பரில்கூட போல்ட் கடினமாக ஏறினால் பிரச்சினை வேறு: போல்ட் உள்ளே காய்ந்த கிரீஸ் அல்லது காக்கிங் சரிவில் (ஸ்பிரிங்கை ஏற்றும் சாய்வு) பிசிறு.

போல்ட்டைப் பிரித்துத் துடைத்த பிறகு ஒரு அளவைச் சரிபார்க்காமல் சுடக்கூடாது. ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி), போல்ட்டின் பின்னாலுள்ள குமிழான காக்கிங் பீஸில் திருகி நிற்கிறது. ஒரு சுற்று கூடினாலோ குறைந்தாலோ முனை நீளம் மாறும். ரைபிளோடு வரும் தட்டையான திருப்புளியில் 75, 95 என்று இரண்டு வெட்டுகள் இருக்கும். போல்ட் முகத்தில் வைத்து நகர்த்தினால் 95 வெட்டு பின்னைத் தொடாமல் கடக்க வேண்டும், 75 வெட்டு பின்னில் இடிக்க வேண்டும். அதாவது முனை 0.075க்கும் 0.095 அங்குலத்துக்கும் இடையே நீட்டிக்கொண்டிருக்கும். கூடினால் பிரைமர் (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் சிறு மூடி) ஓட்டையாகி வாயு முகத்துக்கு வரும், குறைந்தால் தோட்டா வெடிக்காது. முதலில் பின்னின் வெட்டுக்கோட்டையும் காக்கிங் பீஸின் கோட்டையும் நேராக்கி, பிறகு அந்தத் திருப்புளியால் அளந்தால் வேலை சுலபம்.

தோட்டாவில் ஒரு எச்சரிக்கை. 7.62×54ஆர், 7.62×51, 7.62×39 மூன்றும் வேறு வேறு, பெட்டியில் முழுப் பெயரைப் படித்தே வாங்க வேண்டும். பழைய சர்ப்ளஸ் 440 தோட்டா கொண்ட தகர டப்பாவில் வரும், மரப்பெட்டிக்கு இரண்டு டப்பா. 2021 செப்டம்பரிலிருந்து ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புது அனுமதி இல்லை என்றானதால் அந்த மலிவுக் காலம் முடிந்தது. புதிதாகச் செய்வதில் செர்பியாவின் பிரிவி பார்ட்டிசான், செக் நாட்டின் செல்லியர் & பெல்லோ இரண்டும் நம்பகமானவை. பித்தளை கேஸ், அரிக்காத பிரைமர், ரீலோடும் (சுட்ட கேஸில் மறுபடி மருந்து நிரப்புவது) செய்யலாம். ரீலோடு செய்பவர் குழலை அளந்துகொண்டு குண்டு வாங்குவது நல்லது. இந்தக் குழல்களுக்கு வழக்கமான 0.308 அங்குலக் குண்டு சிறிது, 0.311 பொருந்தும். சர்ப்ளஸை எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போனால் வாசலிலேயே காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். எஃகு உள்ள குண்டை உள்ளரங்க ரேஞ்சுகள் பெரும்பாலும் விடுவதில்லை.

சர்ப்ளஸ் தோட்டாவின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். எரிந்த பின் குழலில் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, ஒரு வகை உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்து ஓரிரு நாளில் துருவைக் கொண்டுவந்துவிடும். எண்ணெயிலோ சாதாரண சால்வென்ட்டிலோ உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா திரவத்தைப் பலர் பரிந்துரைப்பதுண்டு, அதிலும் வேலை செய்வது தண்ணீர்தான். சுட்ட அன்றே, போல்ட்டைக் கழற்றி, சேம்பர் வழியாகப் புனல் வைத்துக் கொதிநீர் அரை லிட்டர் விடுங்கள். மேகசினுக்குள் இறங்காதபடி குழல் வாயைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். குழல் சூடாகிவிடுவதால் தானே சீக்கிரம் காயும். பிறகு உலர்துணி, வழக்கமான துப்புரவு, எண்ணெய். போல்ட் முகத்தையும் ஃபயரிங் பின்னின் முனையையும் ஈரத் துணியால் துடைக்க மறக்காதீர்கள், துரு முதலில் அங்கேதான் எட்டிப்பார்க்கும். மறுநாள் ஒரு துணி ஓட்டிப் பாருங்கள். செம்மண் நிறம் தெரிந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கம்பியை எப்போதும் பின்பக்கத்திலிருந்தே விட வேண்டும், வாய்ப்பக்கத்திலிருந்து விட்டுத்தான் அந்தக் காலச் சிப்பாய்கள் வாயைத் தேய்த்தார்கள்.

பின் சைட்டில் 1 முதல் 20 வரை எண்கள், நூறு மீட்டர் கணக்கு. 100இல் வைத்துச் சுட்டாலும் குண்டு மேலே போகிறது என்பார்கள். படையில் பயனெட்டை மாட்டிவைத்தே ரைபிளைக் குறி பார்த்துச் சரிசெய்தார்கள். அதைக் கழற்றிவிட்டுச் சுடும்போது படும் இடம் மாறும். பக்கவாட்டுத் திருத்தத்துக்கு முன் சைட்டை அதன் பள்ளத்தில் நகர்த்த வேண்டும்: குண்டு வலப்புறம் போனால் முன் சைட்டையும் வலப்புறமே. இரண்டு சைட்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 62 செ.மீ. என்பதால் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் 100 மீட்டரில் 16 செ.மீ. மாறும். ஆகவே சுத்தியலால் ஓங்கி அடிக்காமல், சைட் தள்ளும் கருவி கொண்டு இம்மி இம்மியாக. உயரத்துக்கு முன் சைட்டின் முள் நீள வேண்டும். ஒயருக்குப் போடும் சுருங்குகுழாயில் ஒரு துண்டை முள்ளில் ஏற்றி, கொஞ்சம் நீளமாகவே விட்டு, சுட்டுப் பார்த்துச் சீவிக் குறைத்தால் காரியம் முடிந்தது. கழற்றினால் ரைபிள் பழையபடியே இருக்கும்.

சரிசெய்த ரைபிள் 100 மீட்டரில் ஐந்து தோட்டாவை 7 முதல் 12 செ.மீ. வட்டத்துக்குள் போடும். அதற்கு மேல் சிதறினால் முதலில் கட்டையின் இரண்டு திருகுகளை இறுக்கிப் பாருங்கள். உதை பலமானது. பின்தகடு எஃகு, தோளெலும்பில் வைத்தால் நாலைந்து தோட்டாவுக்குள் கன்றிவிடும். காது மூடி இல்லாமல் ஒரு தோட்டாகூட வேண்டாம். பழைய தோட்டா 'டிக்' என்று மட்டும் சத்தம் போட்டால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். குழலை இலக்கின் பக்கமே வைத்து முப்பது விநாடியாவது காத்திருக்க வேண்டும், தாமதித்து வெடிப்பதுண்டு. பாதுகாப்புப் பூட்டு என்பது காக்கிங் பீஸைப் பின்னால் இழுத்து இடப்புறம் திருப்புவது. ஸ்பிரிங் அவ்வளவு கடினம் என்பதால் ரேஞ்சில் அதை நம்புவதைவிட போல்ட்டைத் திறந்தே வைப்பது மேல்.

ஐந்து தோட்டாவை ஒரே தள்ளில் மேகசினுக்குள் இறக்க உதவும் கிளிப்புகளில், சந்தையில் தகட்டால் செய்த புதியவை மலிவு, ஆனால் தோட்டாவை இறுக்கிக்கொண்டு இறங்க மறுக்கும். பழைய ராணுவக் கிளிப் நாலைந்து தேடி வாங்கினால் போதும். பி.யு. என்ற சோவியத் தொலைநோக்கி ஸ்கோப்போடு 'ஸ்னைப்பர்' என்று வருபவற்றில் பின்னாளில் கோத்தவை அதிகம், முதல் ரைபிளாக அந்தப் பக்கம் போக வேண்டாம்.

உதையும் நீளமும் ஒத்துவராதவருக்கு அதே சந்தையில் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ஆலையில் செய்த 2ஏ1 ரைபிள் கிடைக்கும். 7.62×51 தோட்டா, போல்ட் வெண்ணெய் போல ஓடும். கொதிநீர், பிரஷ் எல்லாம் பிடிக்காதவர் நேராக அதற்கே போய்விடலாம். மோசின் வாங்கியவர் அந்த 20 கேஜ் பிரஷையும் சேர்த்தே வாங்கிவிடட்டும்.